மே 31-ல் அக்கவுண்ட்டில் ரூ.436 இல்லேன்னா என்ன ஆகும்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய தற்காலிக ஆயுள் காப்பீடு

ஆண்டுக்கு 436 ரூபாய். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஒன்றேகால் ரூபாய்கூட வராது. ஆனால் அந்தப் பணம் மே மாதக் கடைசி வாரத்தில் வங்கிக் கணக்கில் இருந்ததா, இல்லையா என்பதுதான் ஒரு குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை முடிவு செய்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 12 கி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ராஜபாளையம் என்றால் நூற்பாலைகள். அதை ஒட்டிய சத்திரப்பட்டி என்றால் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும், அதற்குப் பால் கொடுக்கும் மாடு வளர்ப்போரும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தென்னை, மா தோப்பு வேலைக்குப் போகிறவர்களும் இங்கே ஏராளம்.

இப்படி ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் வீடுகளில், அந்த ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடனே கைகொடுப்பது பெரும்பாலும் 'தற்காலிக' ஆயுள் காப்பீடுதான். ஆனால் அது எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தற்காலிக ஆயுள் காப்பீடுன்னா என்ன?

ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உயிருக்குப் பாதுகாப்பு தருவதுதான் இது. அந்தக் காலத்துக்குள் இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். காலம் முடியும்போது உயிரோடு இருந்தால் எதுவும் திரும்ப வராது. 'கட்டுன காசு போச்சே' என்று தோன்றலாம். ஆனால் முதிர்வுத் தொகை கிடையாது என்பதால்தான் பிரீமியம் இவ்வளவு குறைவாக இருக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் போடுவது மாதிரிதான். விபத்து நடக்கவில்லை என்பதற்காக யாரும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

சாதாரண மக்கள் கையில் இது நான்கு வடிவங்களில் இருக்கிறது.

1. வங்கி, தபால் அலுவலகம் வழியாகச் சேரும் ஓராண்டுத் திட்டம். பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா யோஜனா இந்த வகை.

2. வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப். பிடித்தம் இருந்தால், அதோடு சேர்ந்து வரும் காப்பீடு.

3. கடன் வாங்கும்போது சேர்த்துப் பிடிக்கப்படும் காப்பீடு.

4. 20, 30 ஆண்டுகளுக்குத் தனியாக எடுக்கும் டேர்ம் பாலிசி.

ரூ.436 திட்டம் எப்படி வேலை செய்யுது?

ஜீவன் ஜோதி திட்டம் 2015-ம் ஆண்டு மே 9-ம் தேதி தொடங்கப்பட்டது. அப்போது ஆண்டுப் பிரீமியம் ரூ.330. 2022 ஜூன் 1 முதல் ரூ.436 ஆக்கப்பட்டது. 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். தொடர்ந்து கட்டி வந்தால் 55 வயது வரை பாதுகாப்பு உண்டு. நோய், விபத்து என எந்தக் காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இதன் 'ஆண்டு' ஜனவரியில் தொடங்குவதில்லை. ஜூன் 1-ல் தொடங்கி அடுத்த மே 31-ல் முடிகிறது. மே 25-க்கும் 31-க்கும் இடையில் வங்கியே கணக்கிலிருந்து பிரீமியத்தை எடுத்துக்கொள்ளும். நடுவில் சேர்ந்தால் முதல் ஆண்டுக்கு மட்டும் தொகை குறையும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சேர்ந்தால் முழு ரூ.436, செப்டம்பர் முதல் நவம்பர் வரை ரூ.342, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரூ.228, மார்ச் முதல் மே வரை ரூ.114.

பாதுகாப்பு தொடங்குவது படிவம் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அல்ல. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்துதான். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் 30 நாட்கள் விபத்து மரணத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. மாரடைப்போ, காய்ச்சலோ வந்து இந்த 30 நாளில் இறந்தால் பணம் கிடைக்காது.

ஒரு வருஷம் விட்டுப் போச்சுன்னா?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கணக்கில் போதிய பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். பிறகு பணம் கட்டி மறுபடி சேரலாம். ஆனால் அது புதிதாகச் சேர்ந்த மாதிரிதான் கணக்கு. அந்த 30 நாள் காத்திருப்பு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். சத்திரப்பட்டியில் தறி ஓட்டும் 42 வயதுக்காரர் ஒருவர் 2019 முதல் தவறாமல் கட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 மே கடைசி வாரத்தில் அவர் கணக்கில் 210 ரூபாய்தான் இருக்கிறது. பணம் எடுக்கப்படவில்லை. ஜூலை 10-ம் தேதி வங்கிக்குப் போகும்போது விஷயம் தெரிந்து, உடனே ரூ.436 கட்டி மறுபடி சேருகிறார்.

ஜூன் 1 முதல் ஜூலை 9 வரை 39 நாட்கள் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 8 வரை 30 நாட்கள் விபத்துக்கு மட்டும் பாதுகாப்பு. ஆக, கணக்கில் 226 ரூபாய் குறைந்ததால் 69 நாட்கள் அவருடைய குடும்பம் முழுப் பாதுகாப்பு இல்லாமல் இருந்திருக்கிறது. ஆறு வருஷம் ஒழுங்காகக் கட்டினாரே என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. ஒவ்வொரு ஆண்டும் தனித்தனிக் கணக்கு.

மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வாரக் கூலியைக் கையில் வாங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அதிலும் மே, ஜூன் மாதங்கள் பள்ளிக்கூடச் செலவு வரும் நேரம். கணக்கில் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பணத்தையும் எடுத்துவிடத் தோன்றும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ரூ.20 பிரீமியத்தில் சுரக்‌ஷா பீமா என்று ஒரு திட்டம் இருக்கிறது. அது விபத்துக்கு மட்டும். பாஸ்புக்கில் 20 ரூபாய் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆயுள் காப்பீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல இரண்டு வங்கிகளில் ஜீவன் ஜோதி பிடித்தால் 4 லட்சம் வரும் என்பதும் தவறு. எத்தனை கணக்கில் பிடித்தாலும் 2 லட்சம்தான்.

மில் வேலையில் இருந்தால்?

பி.எஃப். பிடித்தம் உள்ள தொழிலாளர்களுக்கு 1976-ம் ஆண்டிலிருந்து இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு இருக்கிறது. இதற்குத் தொழிலாளி தனியாக ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை, நிறுவனமே கட்டுகிறது. பணியில் இருக்கும்போது இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சமாக 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தொகை எவ்வளவு என்பது சம்பளத்தையும் பி.எஃப். இருப்பையும் பொறுத்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் குறைந்தபட்சம் 2.5 லட்சம். ஓராண்டு முடியும் முன்பே இறப்பு நேர்ந்தாலும் குறைந்தது 50 ஆயிரம் ரூபாய் வழங்க, 2025 பிப்ரவரியில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு ஒப்புதல் அளித்தது.

ஆனால் இதுவும் தற்காலிகம்தான். வேலையை விட்டு நின்றால் இந்தக் காப்பீடும் போய்விடும். 'மில்லுல இன்சூரன்ஸ் இருக்கு' என்ற நம்பிக்கையில் வேறு எதிலும் சேராதவர்கள், வேலை மாறும்போதுதான் முழித்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் பெயரில் பி.எஃப். எண் இருக்கிறதா, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கடனோடு வரும் காப்பீடு யாருக்கு?

குழுக் கடன், நகைக் கடை நடத்தக் கடன், வீட்டுக் கடன் என்று வாங்கும்போது காப்பீட்டுக்கென ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வது உண்டு. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கிக் கடன் அடைபடும் என்பதே இதன் நோக்கம். பல பாலிசிகளில் கடன் குறையக் குறைய காப்பீட்டுத் தொகையும் குறைந்துகொண்டே வரும். கடன் முடிந்தால் காப்பீடும் முடிந்தது. குடும்பத்தின் தலையில் கடன் விழாது என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அடுத்த மாதம் அரிசி வாங்க இதிலிருந்து பணம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பணம் கட்டிட்டேன், பாலிசி இன்னும் வரலை. நடுவுல ஏதாவது ஆனா?

டேர்ம் பாலிசி எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் விண்ணப்பத்தோடு முதல் பிரீமியத்தைக் கட்டினால், முடிவு வரும்வரை ஒரு வரம்புக்கு உட்பட்டு இடைக்காலப் பாதுகாப்பு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இந்தியாவில் பொதுவாக அப்படி இல்லை.

1984-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதில் முக்கியமானது. ஆந்திராவைச் சேர்ந்த ஒருவர் 1960 டிசம்பரில் 50 ஆயிரம் ரூபாய் பாலிசிக்கு எல்.ஐ.சி.யிடம் விண்ணப்பித்து, பிரீமியமும் கொடுத்தார். 1961 ஜனவரி 12-ம் தேதி அவர் இறந்துவிட்டார். அதுவரை விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகத் தகவல் வரவில்லை. பிரீமியத்தை வாங்கி வைத்துக்கொண்டதாலேயே காப்பீட்டு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடாது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதைத் தெரிவித்தால்தான் ஒப்பந்தம் என்று நீதிமன்றம் கூறியது.

அதே நேரத்தில், விண்ணப்பத்தை நிராகரிப்பதாக இருந்தால் நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று 2018-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

2025 மார்ச் 1 முதல் இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 'பீமா அஸ்பா' என்ற வசதியை ஆயுள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும். விண்ணப்பிக்கும்போது பிரீமியத் தொகை யு.பி.ஐ. மூலம் உங்கள் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் மட்டுமே பணம் போகும். நிராகரித்தாலோ, 14 நாட்களுக்குள் முடிவு வராவிட்டாலோ முடக்கம் நீங்கிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீமா அஸ்பா உங்கள் பணத்தைத்தான் பாதுகாக்கிறது. அந்த இடைப்பட்ட நாட்களில் உயிருக்குக் காப்பீடு கொடுக்கவில்லை. அதனால் புதிய பாலிசி கைக்கு வந்து, தொடக்கத் தேதியைப் பார்த்து உறுதி செய்யும்வரை பழைய பாலிசியை நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

டேர்ம் பாலிசியில் கெடு எவ்வளவு நாள்?

ஜீவன் ஜோதி மாதிரி உடனே நின்றுவிடாது. மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 15 நாட்களும், மற்றவர்களுக்கு 30 நாட்களும் சலுகைக் காலம் உண்டு. அந்த நாட்களில் இறப்பு நேர்ந்தாலும் பாதுகாப்பு இருக்கும். அதையும் தாண்டினால் பாலிசி காலாவதியாகிவிடும். புதுப்பிக்க மறுபடி உடல்நல விவரம் கேட்பார்கள்.

சர்க்கரை, பிபி, புகைப் பழக்கம் எதையும் மறைக்கக் கூடாது. பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் முடிந்த பிறகு எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. ஆனால் காலாவதியாகிப் புதுப்பித்தால் அந்த 3 ஆண்டும் புதுப்பித்த நாளிலிருந்து எண்ணப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் இருந்தது.

குடும்பத்தினர் என்ன செய்யணும்?

ஜீவன் ஜோதிக்கு பாலிசிப் பத்திரம் எதுவும் வீட்டுக்கு வராது. பாஸ்புக்கில் இருக்கும் ஒற்றை வரி முக்கியமான அடையாளம். அதனால் வீட்டில் ஒருவர் இறந்தால், கடந்த ஜூன் 1-க்குப் பிறகான பாஸ்புக் பதிவுகளையும், அதற்கு முந்தைய மே மாதக் கடைசி வாரத்தையும் பார்க்க வேண்டும். ரூ.436 பிடித்திருந்தால் அதே வங்கிக் கிளையில் உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள ஆவணம், அவருடைய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும்.

கணக்கு தொடங்கும்போது அம்மா பெயரை நாமினியாகக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றாமல் விட்டவர்கள் இப்போதே சரிபார்ப்பது நல்லது.

நிறுவனம் பணம் தர மறுத்தாலோ, புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் கிடைத்து ஓராண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

ஜீவன் ஜோதியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. மே 20-ம் தேதி வாக்கில் கணக்கில் 500 ரூபாயாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய கணக்கு என்றால் அதற்கு மேலே 436 ரூபாய் இருக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, பணம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வங்கியில் கேளுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த 30 நாள் காத்திருப்பும் தள்ளிப்போகும்.