வாங்கும் கையும் ஒதுக்கும் கையும்

திருப்பூர்க் காதர்பேட்டையில் விழாக்கால விற்பனை நெருக்கத்தில் நண்பரொருவர், கையிலெடுத்த சட்டையை மீண்டும் அடுக்கிலேயே வைத்துவிட்டார். விலை ஒத்திருந்தது, துணியும் நன்றாயிருந்தது. கடையினுள் மாட்டியிருந்த சிலுவைதான் அவரைத் தடுத்தது. "நம் காசு நம்மவர்க்கே போகட்டும்" என்றார். கடைக்காரரோ தலைமுறை தலைமுறையாகத் தமிழர். நம்மவர் யார் என்று கேட்டேன். விடை சொல்லாமல் வெளியேறிவிட்டார். அன்று சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகின்றேன்.

அச்சட்டை எத்தனைக் கை கடந்து வந்தது! நூற்பாலை, பின்னற்கூடம், வெளுப்பு, சாயம், வெட்டு, தையல், பிசிறு நீக்கல், தேய்ப்பு, பொதிகட்டல் என ஒவ்வோரிடத்தும் ஒரு தொழிலாளி. தென்மாவட்டத்தினின்று பிழைக்க வந்த கிறித்தவப் பெண்ணும், வானம் பொய்த்துக் காடு விட்டு வந்த கொங்கு நாட்டு உழவனும் ஒரே வரிசையில் அமர்ந்து தைக்கின்றனர். சிலுவை கண்டு ஒதுக்கிய சட்டையை மாரியம்மனுக்கு விளக்கேற்றும் கை தைத்திருக்கலாம். அடுத்த கடையில் மகிழ்ந்து வாங்கியதை ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் கை தைத்திருக்கலாம். ('பனியன்' என்னும் பெயரே குசராத்து வணிகரைக் குறித்த சொல், மேலையர் வாய்வழியே வந்து நம் உடம்பில் ஏறியது. அதை ஒதுக்குவார் ஒருவரையும் காணோம்!)

வாங்குவோன் காசுக்கு ஆற்றல் உண்டு என்பதை யான் மறுக்கவில்லை. 2025 ஆகத்துத் திங்களில் அமெரிக்கா 50 விழுக்காட்டு வரி விதித்தபோது, கடல் கடந்த நாட்டார் கை சுருங்கினால் திருப்பூரில் தையற்பொறி நிற்கும் என்பதைக் கண்ணாரக் கண்டோம். அவ்வாற்றலை எதற்குப் பயன்படுத்துவது என்பதே வழக்கு.

நாகர்கோயிலில் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டன் திருப்பணிக் கழகத்தைச் சார்ந்த மார்த்தா மால்ட்டு அம்மையார், ஒடுக்கப்பட்ட குடிப் பெண்கட்கு இழைப்பின்னல் கற்பித்தார். அன்று திருவிதாங்கூரில் மாந்தரை விலைக்கு விற்கும் அடிமைமுறை இருந்தது. 1855-இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன்னரே, பின்னி ஈட்டிய காசைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கு இருந்தனர். மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான்! அப்பின்னலை வாங்கிய வெள்ளைப் பெண்டிருட் பலர் தம் சமயத்தார்க்கு உதவுவதாகவே எண்ணி வாங்கியிருக்கலாம். எண்ணிவிட்டுப் போகட்டும். காசு போய்ச் சேர்ந்த இடம் அடிமைப்பெண்ணின் கை.

நலிந்தவனைத் தாங்குதற்கு வாங்குவது ஒன்று. ஒருவனை ஊரினின்று துரத்துதற்கு வாங்காமலிருப்பது முற்றிலும் வேறொன்று. 1933 ஏப்பிரல் முதல் நாள் செருமனியில் இட்லரின் ஆட்கள் யூதர் கடை வாயில்களில் நின்று, அங்கு வாங்கற்க என்று பலகை பிடித்தனர். பின்னர் நேர்ந்த படுகொலையை உலகறியும். 2022-இல் கருநாடகக் கோயில் திருவிழாக்களில் இசுலாமிய வணிகர்க்குக் கடைபோட இடமில்லை என்றனர். அந்தக் குரல் தமிழ்நாட்டுக் கடைத்தெருவிற்கும் எட்டாமல் இராது. இங்கு அது கிறித்தவன் கடையைச் சுட்டுமாயின், அக்கடையிற் புகுந்து வாங்குவது தமிழன் கடன்.

கிறித்தவ உடன்பிறப்புகளில், 'நம் திருச்சபையார் கடையிலேயே வாங்குவோம்' என்பாரும் உளர். ஒதுக்கப்பட்டவர் ஒருவரையொருவர் தாங்குவதை யார் குறை கூறுவார்? ஆனால் அதுவே நாளும் நிற்கும் நெறியானால், என் நண்பர் செய்ததையே மறுபுறம் நின்று செய்வதாகும். 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கிய மறைமலையடிகள் சிவனியர். அவர் வழியில் வேர்ச்சொல் அகழ்ந்த பாவாணர் கிறித்தவக் குடியிற் பிறந்தவர். பாவாணர் நூலை வாங்குமுன் அவர் எக்கோயிலுக்குச் சென்றார் என்று நம்முள் எவரும் கேட்டதுண்டோ?

கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் நிற்கின்றதா? தைத்தவர்க்குக் கூலி ஒழுங்காகச் சேர்கின்றதா? விற்பனைச் சீட்டு எம்மொழியில் உள்ளது? சிலுவை மாட்டியவனையும் கேட்போம். திருநீறு பூசியவனையும் கேட்போம். பிறை பொறித்தவனையும் கேட்போம். ஒருவர்க்கும் சலுகையில்லை.

அன்று மாலையே அக்கடைக்குத் திரும்பிச் சென்று இரண்டு சட்டை வாங்கினேன். சீட்டு முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்காகக் கால் மணி நேரம் அவரோடு வழக்காடிவிட்டுத்தான் வந்தேன்.