அடி உறைக்காத பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறை. தில்லைநகரைச் சேர்ந்த ஒரு தகப்பனார் பையனைக் கூட்டி வந்திருந்தார். கையில் பொரி இருந்தும் பையன் மீனுக்குப் போடவில்லை. சும்மா நின்றான்.

"படிக்கவே மாட்டேன் என்கிறான். எவ்வளவு அடித்தாலும் உறைக்கவில்லை, ஸார்! திமிர்!" என்றார் தகப்பனார்.

எனக்கு வேறொரு மீனின் நினைவு வந்தது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து டாக்டர் டைசரோத்தின் குழு செய்த சோதனை அது. முடிவு 2019-ல் வெளியாயிற்று. அதில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் கனகா ராஜன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த பெண்மணி!

வரிக்குதிரை மீனின் குஞ்சை எடுத்துக்கொண்டார்கள். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி. உயிரோடு இருக்கும்போதே மூளைக்குள் பார்க்கலாம். அதற்கு லேசான மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். குஞ்சு தப்பிக்கத் துடித்தது. வழியில்லை. மேலும் மேலும் அதிர்ச்சி. கடைசியில் துடிப்பதையே விட்டுவிட்டது!

அப்போது மூளையில் 'ஹபெனுலா' என்ற சிறு பகுதியின் வேலை ஏறிக்கொண்டே போயிற்று. அந்த நரம்பு அணுக்களைத் தூண்டினால் மீன் சோர்ந்தது. அடக்கினால் சோரவில்லை!

ஆனால் எந்த அணு எதைத் தூண்டுகிறது? வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் கூட்டத்தில் யார் தள்ளி யார் நகர்ந்தார் என்று சொல்ல முடியுமா? அந்தக் கதைதான். அதற்குத்தான் கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு பொம்மை மூளையை அமைத்தார்கள். மீனின் மூளை வேலை செய்தது போலவே அதுவும் செய்யும்வரை பழக்கினார்கள். இதற்கு 'எந்திரக் கற்றல்' என்று பெயர். பிறகு பொம்மையை ஆராய்ந்தார்கள். ஹபெனுலாவுக்குள்ளேயே அணுக்களின் தொடர்பு மாறியிருக்கிறது என்று அது துப்புக் கொடுத்தது.

மீன் வேறு, மனிதன் வேறு என்பீர்கள். உண்மை. மீன் குஞ்சின் மூளையில் சுமார் 1 லட்சம் நரம்பு அணுக்கள். நமக்கோ சுமார் 8,600 கோடி! இதை வைத்துப் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

ஆனால் நாம் தினமும் தீர்ப்புச் சொல்கிறோமே! அசையாமல் நின்றால் திமிர், அழாவிட்டால் தடித்தனம் என்கிறோம். குஞ்சு அசையாமல் நின்றது திமிராலா? பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டில் பிரம்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதை இறக்கி எறிய வேண்டும் என்பது என் கட்சி.

"எத்தனை நாளாக அடிக்கிறீர்கள்?" என்று அந்தத் தகப்பனாரைக் கேட்டேன்.

"மூன்று வருஷமாக" என்றார்.