சூளைக்குப் போகாத சரக்கு

கலை, டிசைன், சமூக விஞ்ஞானம் என்று மூன்றையும் ஒரே பானரில் கட்டி நடத்தப்படும் சர்வதேசக் கருத்தரங்குகளைப் பற்றிப் பேச, விருத்தாசலத்து வங்கி குமாஸ்தா ஒருவனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இருக்கிறது. பதிவுக் கட்டணம் என் கவுண்ட்டர் வழியாகத்தான் போகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கௌரவ விரிவுரையாளர் அப்படியொரு கருத்தரங்குக்குப் பணம் அனுப்ப வந்தார். தொகுப்பூதியம் வந்து விழுந்த மறுநாள். ‘கட்டுரை எதைப் பத்தி சார்?’ என்றேன். ‘இனிமேதான் சார் எழுதணும். அக்ஸெப்ட் ஆயிடுச்சின்னு லெட்டர் வந்துடுச்சு’ என்றார். அவர் தமாஷ் செய்யவில்லை. எழுதப்படாத கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. கட்டணம் கட்டாத கட்டுரைதான் ஏற்கப்படாது.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டு விதிகளில் கருத்தரங்கக் கட்டுரைக்கான விலைப்பட்டியலே இருக்கிறது: வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கு என்றால் 7, உள்நாட்டிலேயே நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கு 5, தேசியம் 3, மாநிலம் அல்லது பல்கலைக்கழக அளவு 2. பானரில் ‘தேசிய’ என்பதை அழித்து ‘சர்வதேச’ என்று எழுதினால் இரண்டு மதிப்பெண் கூடுகிறது. நம் ஊர்ப் பக்கம் தேசியக் கருத்தரங்குகள் ஏன் அருகிப்போயின என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நண்பரின் அழைப்பின்பேரில் ஒரு கருத்தரங்குக்கு நானும் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. எல்லாக் கல்லூரியும் அதுதான். ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒரே நேரத்தில் நான்கு அறைகள். வெளிதேசத்திலிருந்து ஒருவர் திரையில் தோன்றி வாழ்த்தினார். அந்தக் கணத்தில் கூட்டம் சர்வதேசமாயிற்று. வாசித்தவர்கள் வாசித்து முடித்ததும் சான்றிதழுக்கு வரிசையில் நின்றார்கள். கேட்டவர்கள் என்று யாரும் இல்லை, வாசிக்கக் காத்திருப்பவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

அதில் ஒரு கட்டுரை எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிலைப் பற்றியது. விருத்தாசலத்துக் கலைஞன் சக்கரத்தைச் சுழற்றி மண்ணுக்கு உயிர் கொடுக்கிறானாம். எங்கள் தொழிற்பேட்டையில் பொம்மை செய்வது சக்கரத்தில் அல்ல. களிமண்ணோடு பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்துக் கலந்து கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கூழ் அச்சின் சுவரில் தோலாகப் படியும். மீதியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இறுகியதும் பிரித்து, ஒட்டுவாயைச் சீவி, உலர்த்திச் சூளைக்கு அனுப்புவார்கள். பொம்மை மட்டுமல்ல, நம் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கட்டையும் இந்த ஊர்ச் சரக்குதான் (அது வேறு முறையில், அழுத்தி எடுப்பது). கட்டுரையாளர் பஸ் ஏறி ஒரு மத்தியானம் வந்திருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்கும். நான் எழுந்தேன். தலைவர் நேரமாகிவிட்டது என்றார். டீ வந்தது.

டிசைன் என்ற சொல்லை இவ்வளவு தாராளமாக உச்சரிக்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1958இல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாதில் 1961இல் தேசிய டிசைன் நிறுவனம் தோன்றியது அதன் விளைவு. அந்த அறிக்கையின் மையத்தில் நம் வீட்டுச் செம்பு இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எடை எங்கே போகும், எப்படிக் கழுவுவது, என்ன விலை என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு பொருளின் முன்னால் நின்று அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள். 1979இல் அதே அகமதாபாதில் ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பும் டிசைனர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து கூட்டம் நடத்திப் பிரகடனம் வெளியிட்டன. அதையும் சர்வதேசக் கருத்தரங்கு என்றுதான் சொன்னார்கள். ஆகவே அந்தச் சொல்லோடு எனக்குத் தகராறு இல்லை. பொருளைப் பார்க்காமலே அதைப் பற்றிப் பேசலாம் என்ற துணிச்சலோடுதான் தகராறு.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2005இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், கம்ப்யூட்டரை விட்டு அர்த்தமில்லாத கட்டுரையொன்றைத் தயாரிக்கச் செய்து அனுப்பினார்கள்; ஒரு கருத்தரங்கு அதை ஏற்றுக்கொண்டது. 2016இல் நியூஸிலாந்துப் பேராசிரியர் ஒருவர், போன் தானாக யோசனை சொல்லும் வார்த்தைகளைத் தட்டித்தட்டியே அணுப் பௌதிகக் கட்டுரை ஒன்றைச் சமைத்தார். அதுவும் சில மணி நேரத்தில் ஏற்கப்பட்டது. ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் பத்திரிகைகளும் கருத்தரங்குகளும் ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றின என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. சம்மதம் கேட்காமலே அறிஞர்களின் பெயரைப் பேச்சாளர் பட்டியலில் போட்டதும் அந்தக் குற்றங்களில் ஒன்று.

முடியாது என்று சொன்னவரும் ஒருவர் உண்டு. நொபொரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளோடு ஆயுளைக் கழித்த ஜப்பானியர், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர். ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாட்டை அவசரமாக நடத்த அரசு விரும்பியபோது, ஆராய்ச்சிக்குரிய அவகாசம் போதாது என்று இசைய மறுத்தார். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு என்ற வேறு பெயரில் அது நடந்தது. ஆட்சியின் அழைப்புக்கு எதிரே கால அவகாசம் கேட்கும் தைரியம், தமிழுக்காக உயிரையே தருவதாகச் சொல்கிற நம்மவர் எத்தனை பேருக்கு இருந்தது?

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் காரணம் கல்லூரிகள் அல்ல, நாம். ‘எழுத்து’ 1959இல் தொடங்கியபோது செல்லப்பாவிடம் மதிப்பெண் பட்டியல் இருக்கவில்லை. நா. வானமாமலை நெல்லையில் ஆய்வுக் குழு கூட்டியபோது பதிவுக் கட்டணமும் சான்றிதழும் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. டுடோரியல் கல்லூரி நடத்திக்கொண்டே செய்த காரியம் அது. அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்கிற நாம், இந்தப் பக்கங்களில் எழுதியதைக் கருத்தரங்குத் தொகுப்புகளுக்கு மறுவார்ப்பு செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டோம்.

நானும் யோக்கியனில்லை. சென்ற வருஷம் ஒரு நண்பருக்காக என் கட்டுரையைத் தொகுப்பு ஒன்றுக்குக் கொடுத்தேன். ‘இன்னார் கவிதைகளில் இன்னது’ என்று தலைப்பை மாற்றினார்கள். ஆய்வுச் சுருக்கம், திறவுச்சொற்கள் எல்லாம் சேர்ந்தன. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் போயிற்று: அந்தத் தொகுதியில் பாதிக்கு மேல் கவிதையே இல்லை என்று நான் எழுதியிருந்த வாக்கியம். ‘ஆய்வுக் கட்டுரையில தீர்ப்பு வேண்டாம் சார்’ என்றார்கள். நான் சம்மதித்தேன். அதைச் சொல்வதற்காகத்தான் அந்தக் கட்டுரையையே எழுதியிருந்தேன். மீதியெல்லாம் அந்த வாக்கியத்துக்கான நியாயங்கள். தீர்ப்பை எடுத்துவிட்டால் விமர்சனத்தில் மிஞ்சுவது வெற்று அச்சு.

எங்கள் தொழிற்பேட்டைப் பொம்மையும் அச்சில் வார்த்ததுதான், உள்ளே வெறுமைதான். ஆனால் அது சூளைக்குப் போகிறது. தீயில் வெடித்தால் கழித்துப் போடுகிறார்கள். அச்சு தேய்ந்து மூக்கு மழுங்கினால் அச்சையும் தூக்கி எறிகிறார்கள். சரக்கில் கோளாறு இருந்தால் வாங்குகிறவன் சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவான். கருத்தரங்குக் கட்டுரைக்குச் சூளையும் கிடையாது, சுண்டிப் பார்க்க ஆளும் கிடையாது.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள் சில நூறு பேர். அவர்கள் சுண்டிப் பார்க்கிறவர்கள். நான் தப்பாக எழுதினால் அடுத்த இதழில் என் பெயரைப் போட்டே திட்டுகிறார்கள். பதவி உயர்வுக்காகக் கட்டுரை வாசித்தே தீரவேண்டிய நண்பர்கள் வாசித்துக்கொள்ளட்டும். வயிற்றுப்பாட்டைக் குறை சொல்ல நான் யார்? அதற்கென்று வேறாக ஒன்றை எழுதிக்கொள்ளட்டும். இங்கே எழுதியதை அங்கே தீர்ப்பு நீக்கி விற்க வேண்டாம். அங்கே வாசித்ததை இங்கே கொண்டுவரவும் வேண்டாம். நான் கொடுத்த அந்தக் கட்டுரையை, நீக்கிய வாக்கியத்தோடு, மறுபடி இங்கேயே பிரசுரிக்கும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட கவிஞர் பதில் எழுதட்டும்.