குனிஞ்ச முதுகும் தூரத்துச் சூடும்

கலண்டர், மகளிர் தினப் பதாகை, எதை எடுத்தாலும் ஒரே படம்தான். பச்சை வயலில் வரிசையாக நின்று நாத்து நடுகிற பெண்கள். எல்லாருக்கும் சிரிச்ச முகம். வினாயகபுரம் பக்கத்து வட்டைகளில் பெரும்பாலும் விதைப்புத்தான், நடுகை குறைவு. வெயிலுக்குள்ள நாள் முழுக்கக் களை பிடுங்கிறவ கமராவைப் பார்த்துச் சிரிக்கிறதும் இல்ல. அப்ப இந்தப் படம் யாருக்காக?

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857 இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தை ஒருக்காத் தேடிப் பாருங்க. அசல் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கு. வெட்டி முடிஞ்ச வயலில் மூன்று பெண்கள் சிந்தின கதிர் பொறுக்குறாங்க. இரண்டு பேர் முழுசாகக் குனிஞ்சு, மற்றவ பாதி குனிஞ்சு. முகம் சரியாகத் தெரியாது.

விஷயம் அவங்களுக்குப் பின்னால கிடக்கு. தூரத்தில் பெரிய கதிர்க் குவியல்கள், பாரம் ஏற்றின வண்டில், குதிரையில் ஒரு மேற்பார்வையாளர். விளைச்சல் அங்க, மிச்சம் இங்க. பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது வசதியான பலருக்கு இது பிடிக்கவில்லை. 1848 புரட்சி முடிஞ்சு ஒன்பது வருஷம்தான். ஏழைகளை இவ்வளவு பெரிதாக முன்னுக்கு நிறுத்தினது அவங்களைப் பயமுறுத்தியது.

இந்தப் படம் நம்மட ஆக்களுக்கு உடனே விளங்கும். களவெட்டியில் போடியார்ர சூடு உயர்ந்து நிற்க, வெட்டின வயலில் கதிர் பொறுக்கின அம்மம்மாமார் இன்னும் ஊரில் இருக்காங்க. இப்ப வெட்டு மெசின் வந்திட்டு. கையால வெட்டுற கூலியும் குறைஞ்சு போச்சு.

காணியும் அப்படித்தான். 1935 ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்தில், மகளுக்கு முன்னால் மகனைத்தான் வைத்தது. அதைத் திருத்த 2022 வரை ஆனது.

கிராமத்துப் பெண்ணை வரையிறது பிழையில்ல. ஆனா அவட சீலை நிறத்தோட நிறுத்தாதீங்க. கூலி எவ்வளவு, நெல்லு யார் வீட்டுக்குப் போகுது, காணி யார்ர பெயரில, அதுவும் படத்துக்குள்ள வரவேணும். தூரத்துச் சூட்டை மில்லே வரையாமல் விட்டிருந்தா, அதுவும் ஒரு கலண்டர் படமாத்தான் போயிருக்கும்.