தானியமும் விதையும்

பசித்தவருக்கு முதலில் தேவைப்படுவது உணவு. வளரும் நாடுகளுக்குச் செல்வ நாடுகள் அளிக்கும் உதவியும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆயினும், ஆண்டுதோறும் அதே கை நீண்டிருக்க நேர்ந்தால், அவ்வுதவி வறுமையின் வேரைத் தொடவில்லை என்பதே பொருள். இதற்கு இந்தியாவின் பட்டறிவே சான்றாகும்.

1954இல் அமெரிக்கா இயற்றிய ‘பி.எல். 480’ சட்டத்தின்கீழ் இந்தியாவிற்குச் சலுகை முறையில் கோதுமை வந்தது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவுத் தானியம் இறக்குமதியாயிற்று. அது பட்டினியைத் தடுத்தது. ஆனால், வியட்நாம் போர் குறித்த இந்தியாவின் கருத்து அமெரிக்காவிற்குக் கசந்தது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தானியத்தைச் சிறுசிறு தவணைகளாகவே விடுவித்தார். அடுத்த கப்பல் வருமா என ஒரு நாடே கடலைப் பார்த்துக் காத்திருந்தது.

அதே காலத்தில் வேறுவகை உதவியும் வந்தது. மெக்சிகோவில் குட்டை இரகக் கோதுமையை உருவாக்கிய நார்மன் போர்லாக் 1963இல் இந்தியா வந்தார். எம். எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவருடன் இணைந்து உழைத்தனர். வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் எதிர்ப்புகளுக்கிடையே புதிய விதைக்குத் துணைநின்றார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வரவழைக்கப்பட்டது. விதைக்கு இந்தியா விலை கொடுத்தது. அதனுள் இருந்த அறிவோ உதவியாகக் கிடைத்தது. 1964-65இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71இல் 2.3 கோடி டன்னைக் கடந்தது.

விதை தானாக விளைந்துவிடவில்லை. பாசனமும் உரமும் உழவரின் உழைப்பும் அதற்குத் துணையாயின. 1965இல் தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகம் விளைச்சலைக் கொள்முதல் செய்தது. புதிய வேளாண்மை நிலத்தடி நீரைக் குறைத்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. வெளியிலிருந்து வரும் உதவி எத்தகையதாயினும், அதைப் பயனாக்குவதும் பிழை திருத்துவதும் பெறும் நாட்டின் கடமையே.

செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவிக்கு ஒதுக்க வேண்டும் என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. பெரும்பாலான நாடுகள் இன்றும் அவ்வளவை எட்டவில்லை. தொகை உயர்தல் வேண்டும். அத்தொகையில் எவ்வளவு பள்ளியாகவும் ஆய்வுக்கூடமாகவும் வாய்க்காலாகவும் மாறியது என்று பெறும் நாட்டு மக்கள் கேட்டறிதலும் வேண்டும். ஒருநாள் தேவையற்றுப் போவதே நல்லுதவிக்கு இலக்கணம்.