பகிர்ந்ததில் பிழையில்லை, பிரித்ததில்தான் பிழை

“ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு சேர்வரைப் பற்றி என்ன தெரியும்?” என்று எங்களைக் கேட்டார்கள். பதில் சொல்லுறம்.

2009இல் பாலம் திறக்க முதல் கிண்ணியாவுக்குப் பாதையில்தான் போய்வர வேணும். அந்தக் காலத்தைப் பற்றித் துறைமுகப் பக்கத்துப் பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிந்து, எழுத்தாக்கி வருகிறோம். எல்லாம் ஒரு சேர்வரில் இருக்கிறது. நாங்கள் பாவிக்கும் லினக்ஸ் கணினியில் அதே கோப்புறையை என்எஃப்எஸ் மூலம் இரண்டு இடத்தில் இணைத்திருந்தார்கள்: ஒன்று எழுத, மற்றது பிழை திருத்த.

ஒருநாள் எங்களில் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய மென்பொருள் கோப்பை மூடாமலே எழுதும். மற்றவர் அதே கோப்பை மற்ற இடத்தால் திறந்தார். வந்தது பழைய பிரதி. அதைத் திருத்திச் சேமித்தார். ஒரு ஐயாவின் கதை பாதி போச்சு.

“ஒண்டை எல்லாரும் பகிர்ந்தா இப்பிடித்தான்” என்றார்கள். பொய். அமைப்புக் கோப்பைப் பார்த்தோம். ‘நோஷேர்கேஷ்’ என்று ஒரு சொல் கிடந்தது. அதாவது, ஒரே கணினிக்குள் ஒரே கோப்புக்கு இரண்டு தற்காலிகச் சேமிப்பு. ஒன்றில் எழுதியது மற்றதுக்குத் தெரியாது. கோப்பை மூடும்போதுதான் மாற்றம் சேர்வருக்குப் போய்ச் சேரும் என்பது உறுதி. ஒரே வள்ளத்தின் மீனுக்கு இரண்டு கணக்குக் கொப்பி வைத்த மாதிரி.

இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. என்எஃப்எஸ் கையேடே சொல்லுது: லினக்ஸ் 2.6.18 முதல் இது பழைய நடைமுறை, பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போகலாம், தரவுக்கு ஆபத்து என்று. இயல்பாகவே லினக்ஸ் ஒரே சேமிப்பைத்தான் பகிரும். அதை வேண்டுமென்று பிரித்துவிட்டு, பழியைப் பகிர்வில் போடுறது என்ன நியாயம்?

இப்ப சொல்லும் தீர்வு இன்னும் மோசம்: ஆளுக்கொரு பிரதி. பிறகு எது கடைசிப் பிரதி என்று யார் சொல்லுறது?

எங்கட கோரிக்கை சின்னது. அந்தச் சொல்லை எடுங்கோ. யார் எழுதலாம் என்பதைக் கோப்பு அனுமதியில் வையுங்கோ. இரண்டு பேர் ஒரே நேரம் எழுதாமல் இருக்கப் பூட்டுப் போடுங்கோ. பகிர்ந்த சேமிப்பு மட்டும் அதைத் தடுக்காது, அதையும் நாங்கள் ஒளிக்கவில்லை.

கையேடு எந்த ஃபக்கல்டி என்று கேட்பதில்லை. வாசித்தால் விளங்கும். அந்த ஐயாவிடம் திரும்பப் போய், “இன்னொருக்கா சொல்லுங்கோ” என்று கேட்கப்போவது நாங்கள்தான்.