நான்கு ஆண்டு பி.எட்.: படிப்பு வேண்டும், பூட்டு வேண்டாம்

கல்மண்டபம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளில் பிளஸ் 2 முடிக்கும் பெண்பிள்ளைகளிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், ‘டீச்சர்’ என்ற பதில் இன்றும் வருகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், தூய்மைப் பணியாளர் போன்றோர் வீடுகளில் அந்த வேலை சம்பளத்தோடு மரியாதையையும் கொண்டுவரும். ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாகச் சட்டமன்றம் சென்ற எம்.சி. ராஜாவும் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர்தான்.

அந்த வேலைக்கு இன்று எத்தனை படி ஏற வேண்டும்? பட்டப்படிப்பு 3 ஆண்டு. பிறகு பி.எட். 2 ஆண்டு, 2015 வரை அது ஓராண்டுப் படிப்பாக இருந்தது. அதன்பின் ‘டெட்’ எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தேறியவர்கள் வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை வந்தது. ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். சென்னையின் அரசுக் கல்வியியல் கல்லூரிகளோ சைதாப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரிக் கட்டணம்தான். நம் பிள்ளைகள் பலர் பட்டத்தோடு நின்று ஏதோ ஒரு கம்பெனி வேலைக்குப் போவது ஆர்வம் குறைந்ததால் அல்ல.

இந்தக் கணக்கில்தான் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். முக்கியமாகிறது. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். பட்டத்தோடு பி.எட்.டும் சேர்ந்தே கிடைக்கும். தனி பி.எட். கல்லூரிகளில் அல்லாமல், பல துறைகள் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதை நடத்த வேண்டும் என்பது விதி. மைசூரில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் இதுபோன்ற படிப்பைப் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. ஓராண்டு மிச்சம், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியிலேயே படிக்கலாம். ஏழை வீட்டுக்கு ஓராண்டு என்பது ஓராண்டு வருமானம். படிப்பை நாம் எதிர்க்க வேண்டியதில்லை.

எதிர்க்க வேண்டியது அதன் வாசலில் தொங்கும் பூட்டை. இந்தப் படிப்பில் சேர தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் நுழைவுத் தேர்வு எங்கே வருகிறதோ அங்கே பயிற்சி மையமும் வரும். பிளஸ் 2வில் 1,176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை 2017இல் ‘நீட்’ வெளியே நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. 2030க்குள் ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியே இந்த நான்கு ஆண்டுப் படிப்பாக வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. அப்படி ஆனால் 17 வயதில் எழுதும் ஒரு தேர்வு ஆசிரியர் கனவையே தீர்மானித்துவிடும்.

டெட் தேர்வும் நமக்குப் பாடம் சொல்கிறது. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர். 150க்கு 90 என்ற தேர்ச்சி மதிப்பெண்ணை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் தமிழக அரசு 82 ஆகக் குறைத்தது. அதற்கும் வழக்கு. மதுரைக் கிளையில் ரத்தான சலுகை 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில்தான் மீண்டது. 8 மதிப்பெண்ணுக்கு இரண்டரை ஆண்டுப் போராட்டம். இப்போது, ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தகுதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாநகராட்சிப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் படிப்பவர்கள் நம் பிள்ளைகள். நல்ல ஆசிரியர் அவர்களுக்குத்தான் முதலில் தேவை. ஆனால் எது தகுதி? 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பி.எட். பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொன்னது. ஆசிரியர் தேர்வில் சமூகநீதி குறித்த மனப்பான்மையையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. வகுப்பில் பிள்ளைகளைச் சாதி பார்த்து உட்கார வைக்கும் ஒருவர் டெட்டில் 120 எடுத்துவிடலாம். அதை அந்தத் தேர்வு கண்டுபிடிக்காது.

தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்கிறது தமிழக அரசு. அது மட்டும் போதாது. வட சென்னையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியிலாவது ஆசிரியர் பயிற்சிப் படிப்பைத் தொடங்க வேண்டும். பிளஸ் 2 மதிப்பெண், இடஒதுக்கீடு ஆகியவற்றின் அடிப்படையில் சேர்க்கை நடத்தும் உரிமைக்காக தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் வாதாட வேண்டும். மாதம் 1,000 ரூபாயை பி.எட். முடியும்வரை நீட்டிக்க வேண்டும். சந்துரு குழுவின் பரிந்துரை பாடமாக வகுப்பறைக்குள் வர வேண்டும்.

மாணவர்களே, உங்கள் கல்லூரியில் பேராசிரியர்களிடம் இதைக் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் கேளுங்கள். நம் தெருவிலிருந்து ஓர் ஆசிரியர் உருவாக எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்ற கணக்கை அவர்கள் முன்னால் வையுங்கள்.